தந்தியில் அடங்காத ஒரு பொய்

சரோஜா,

லண்டனிலிருந்து நீ அடித்த தந்தி நேற்று முன்தினம் வந்து சேர்ந்தது. நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நேரம். வாசலில் தந்திக்காரனின் சைக்கிளைப் பார்த்ததுமே உன் அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தந்தி என்றால் சாவுச் சேதி என்றுதான் அவளுக்குப் பழக்கம். நான் பெரிய தைரியசாலி மாதிரி நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கையெழுத்தை அவனுடைய புத்தகத்தில் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்று அவன் காட்டிய பிறகுதான் தெரிந்தது. பிரித்துப் படித்தேன். "இடம் கிடைத்தது. மூன்றாவது பள்ளி. முழுசாகப் பாடினேன். என்ன பொய்?" நீ இங்கிலீஷில் அனுப்பிய அந்த நாலு துண்டு வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. "என்னங்க போட்டிருக்கா, வாயத் தொறந்து சொல்லுங்களேன்" என்றாள் உன் அம்மா. முதல் மூன்றையும் தமிழில் சொன்னேன். நாலாவதைச் சொல்லவில்லை. அவள் தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்து எழுந்து ஓடினாள். தீய்ந்த குழம்பை ரெண்டு பேரும் ருசித்துச் சாப்பிட்டோம்.

என்ன பொய் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் உனக்கு அனுப்பிய தந்தியில் நான் சொன்னது பொய் என்று போட்டேனே தவிர, எது பொய், எப்போது சொன்னது, எதற்குச் சொன்னது என்று போடவில்லை. தந்தியில் அதற்கு இடம் இல்லை. இடம் இருந்திருந்தாலும் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். இப்போது தாள் இருக்கிறது, மை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறது, ஆகவே ஒளிந்துகொள்ள இடம் இல்லை. ஆனால் உனக்கு என்னைத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிற ஆள் இல்லை நான். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் புக்கிட் பாரு வழியாகப் போகிறவன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

உன் குரலுக்கும் எனக்கும் உள்ள வழக்கு பழையது, மா. நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து வந்த நர்ஸ், "பொம்பளப் பிள்ளை. நான் சொல்லணும்னு இல்ல, உங்களுக்கே கேட்டிருக்கும்" என்றாள். ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தபோது உனக்கு ரெண்டு வயது. டவுனை விட்டு ஓடிப்போய் ரப்பர் மரங்கள் அடர்ந்த ஒரு கித்தாத் தோட்டத்துக்குள் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒளிந்திருந்தோம். மற்ற பிள்ளைகள் பயந்து அம்மாக்களின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டன. நீ வானத்தைப் பார்த்து, ஏதோ மாமா வீட்டுக்கு வருகிற மாதிரி, கையை நீட்டிக் கூவினாய். "பிள்ள வாயப் பொத்துய்யா" என்று எல்லாரும் என்னைப் பார்த்துச் சீறினார்கள். பொத்தினேன். நீ என் உள்ளங்கையைக் கடித்தாய். விமானத்தில் போகிறவனுக்குக் கீழே ஒரு குழந்தை கூவுவது கேட்குமா என்று பிறகுதான் யோசித்தேன். இருந்தாலும் அன்றைக்குப் பொத்தியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை பொத்திய கை, அப்புறம் காரணம் இல்லாதபோதும் தானாக எழும்பப் பழகிவிட்டது. அதுதான் தப்பு.

நம் காஜா பேராங்கில் வீடுகள் எப்படி என்று உனக்குத் தெரியும். நம் வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் கோப்பிக்கு வெந்நீர் வைப்பார்கள். நீ குளிக்கும்போது பாடினால் வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு நிற்பார். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருந்துவிட்ட குடும்பம், அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயில்தான் பேசுவார், நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார். எனக்குத்தான் கூச்சம். "மெள்ள மா, மெள்ள" என்று சமையலறையிலிருந்து சொல்வேன். ஒரு நாளைக்கு எத்தனை மெள்ள. நம் வீட்டில் உப்பைவிட அதிகம் செலவானது அந்தச் சொல்தான்.

மெர்டேகா சுதந்திர விழாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடப் பழக்கியபோதுதான் பண்டா ஹிலிரில் குடியிருக்கிற மிஸ் உன்னைக் கண்டுபிடித்தார். பியானோ வாசிக்க வந்தவர், நடுவில் நிறுத்தி, அந்தக் கடைசி வரிசையில் பாடியது யார் என்று கேட்டாராம். நீ பயந்துபோய், நான் மெள்ளத்தான் பாடினேன் மிஸ் என்றாயாம். அந்த வாரமே மிஸ் நம் வீட்டுக்கு வந்தார். பூப்போட்ட கவுனும் வெயிலுக்குக் குடையுமாக ஒரு யூரேசிய அம்மா நம் வீட்டுக்குள் நுழைவதைப் பார்க்கச் சடக்கில், தெருவை அடைத்துக்கொண்டு, கூட்டமே நின்றது. உங்கள் மகளுக்கு ஓப்பரா குரல் என்றார். நான் தலையாட்டினேன். என் தலை ஒரு மாதிரி, புரிந்தால் சும்மா இருக்கும், புரியாவிட்டால் ஆடும். அது அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மிஸ் எனக்குச் சங்கீத ஞானம் இருக்கிறது என்றே நினைத்திருப்பார். மறுநாள் அவர் வீட்டுக்குத் தனியாகப் போய், அது என்னவென்று கேட்டேன். முழுக்கதையையும் பாட்டாலேயே நடித்துக் காட்டுவார்கள் என்றார். "நம்ம பங்சாவான் நாடகம் மாதிரியா மிஸ்?" "அதே மாதிரிதான். ஆனால் மைக் கிடையாது. அத்தனை வாத்தியங்களுக்கும் மேலே ஒரே ஒரு ஆளின் குரல் கடைசி பெஞ்சுவரை போக வேண்டும்." கடைசி பெஞ்சு என்றதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்த இடம் அது. அங்கே வாத்தியார் சத்தம்கூட வந்து சேராது.

பள்ளிக்கூடம் என்று எழுதிவிட்டேன். இனிச் சுற்ற முடியாது, வந்துவிட்டேன்.

வெள்ளைக்காரத் துவான்கள் ஒவ்வொருவராய்க் கப்பலேறிப் போன காலம் அது. ஆபீசில் அவர்கள் விட்டுப்போன நாற்காலிகளுக்கு யார் யார் என்று பேச்சு. அதுவரை ஒரு மனுஷனைப் பார்த்தால் பசியாறியாச்சா என்று கேட்டவர்கள், என்ன பாஸ் பண்ணியிருக்கீங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் ரோட்டு இலாகா ஸ்டோரில் கிராணி. மண்வெட்டியும் தார் டின்னும் எடுத்துக் கொடுத்து, திரும்பி வாங்கி வைக்கிற வேலை. அதற்கு ஏழாம் வகுப்பே அதிகம். ஆனால் எல்லாரும் கேட்கும்போது ஏழாம் வகுப்பு, அதிலும் ரெண்டு தடவை தவறியவன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் யாரோ முன்பின் தெரியாதவரிடம், பள்ளியிறுதிப் பரீட்சையான சீனியர் கேம்பிரிட்ஜே பாஸ் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்து எனக்கு உட்கார இடம் கொடுத்தார். அதோடு கெட்டேன். ஆபீசில் சொல்ல முடியாது, அங்கே பைல் இருக்கிறது. வெளியே சொல்லலாமே. கல்யாண வீட்டில், கோயிலில், முடி வெட்டுகிற கடையில், நான் சீனியர் கேம்பிரிட்ஜ். நீயும் அம்மாவும் அதை ரெண்டொரு தடவை கேட்டிருப்பீர்கள். அப்பா ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டீர்கள்.

அப்போதுதான் புக்கிட் ரம்பாயிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நீ டீச்சராகச் சேர்ந்த வருஷம். பையனும் வாத்தியார், நல்ல பையன், அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நம் வீட்டில் இருந்தது மூன்று நாற்காலி. அவற்றில் அவன் அப்பா, அம்மா, தாய்மாமன் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஸ்டூலில். நான் கதவில் சாய்ந்து நின்றேன். கோப்பி வந்தது. தாய்மாமன் என்னைப் பார்த்து, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். சீனியர் கேம்பிரிட்ஜ் என்றேன். "எந்த வருஷம்?" ஒரு வருஷத்தைச் சொன்னேன். "ஓஹோ" என்று கோப்பியைக் குடித்தார். அந்த ஓஹோவின் நீளத்தை நான் அப்போதே அளந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வி வந்தது. "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே."

அவர்கள் வருவதற்கு முன்னால் நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "ஒரு முருகன் பாட்டுப் போதும். அரைத் தொண்டையில பாடு மா. மூணாவது வீட்டுக்குக் கேக்க வேணாம்." நீயும் அப்படித்தான் ஆரம்பித்தாய், அம்மிக்கு அடியில் எறும்பு பாடுகிற மாதிரி. ரெண்டாவது அடியில் கண்ணை மூடினாய். கண்ணை மூடினால் நீ யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை. மூன்றாவது அடியில் குரல் திறந்தது. அலமாரியில் இருந்த மங்குக் கிண்ணமும் தட்டும் சேர்ந்து சிணுங்கின. தாய்மாமன் கோப்பியைத் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் நிறுத்திவிட்டார். பாட்டு முடிந்ததும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செட்டி அம்மாள், ரேடியோ வாங்கிவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் உன்னைப் பார்த்து முறைத்தேன். நீ அதைப் பார்த்தாய். சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மாலை தரகர் சின்னசாமி ஸ்டோருக்கே வந்தார். வந்தவர் தார் டின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். "அண்ணே, மனசத் தளர விட்றாதீங்க. பொண்ணு மேல ஒரு குத்தமும் சொல்லல" என்றார். "அப்புறம் என்னய்யா?" என்றேன். "நீங்கதான்." "நானா?" "அந்தத் தாய்மாமன் உங்களோட ஏழாவது படிச்சவராம்ண்ணே. நீங்க ரெண்டாவது தடவ பெயிலானப்ப பக்கத்து பெஞ்சில இருந்தாராம். இதுலயே பொய் சொல்றவரு மத்ததுல என்னென்ன சொல்லியிருப்பாரோன்னு யோசிக்கிறாங்க." எனக்குக் காது சூடாகிவிட்டது. "அவன் மட்டும் பாஸ் பண்ணிக் கிழிச்சானாமா?" என்றேன். "அது எனக்குத் தெரியாதுண்ணே. ஆனா பாஸ் பண்ணேன்னு அவர் எங்கயும் சொல்லிக்கல" என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். துண்டில் தார் ஒட்டியிருந்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த மனுஷர் ஒருவர் நான் அவரைத் திட்டுகிறேன் என்று நினைத்து நின்றுவிட்டார். நீயும் அம்மாவும் வாசலிலேயே இருந்தீர்கள். "தரகர் ஸ்டோருக்கு வந்தாராமே, என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள். நீ கேட்கவில்லை, கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாய். வாயைத் திறந்தேன். அதுவரை பழகி வந்தது எல்லாம் எங்கே போனதோ. "கொரல் ரொம்பப் பெருசா இருக்காம். ஒரு வீட்டுக்குள்ள அடங்காதாம்" என்றேன். முதல் வாக்கியமே போதும், ரெண்டாவது தேவையே இல்லை. பொய் சொல்கிறவனுக்கு அலங்காரத்தில் ஆசை. நீ "சரிப்பா" என்றாய். மிச்சத் துணியையும் எடுத்து, மடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தாய். நீ அழுதிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அதற்குப் பிறகு நீ குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பழகுவதற்குத் துணி அலமாரியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுப் பாடினாய். என் சட்டைகளுக்கு நடுவே நின்று இத்தாலியப் பாட்டுப் பாடிய ஒரே பெண் உலகத்தில் நீயாகத்தான் இருப்பாய். ஒரு நாள் மிஸ் குடையோடு ஸ்டோருக்கு வந்தார். "உங்கள் மகள் குரல் மேல் யாரோ மூடி போட்டிருக்கிறார்கள். என்னோடு இருக்கும்போது மெதுவாகத் திறக்கிறது. புது மனுஷர் முன்னால் நின்றால் மூடிக்கொள்கிறது. வீட்டில் ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை மிஸ் என்றேன். தலையும் ஆடியது. மிஸ் விடவில்லை. மூன்று வருஷம் அந்த மூடியோடு மல்லுக்கு நின்றார். லண்டனில் இருக்கிற தன் அக்காவுக்கு எழுதி உனக்கு அறை ஏற்பாடு செய்தார், மூன்று சங்கீதப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டார். நீ உன் சம்பளத்தைச் சேர்த்து வைத்தாய். என்னிடம் வந்து நின்றபோது நான் மறுபேச்சில்லாமல் சரி என்றேன். வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாகக் கப்பலேற்றிய முற்போக்குக்காரன் என்று கோயில் கமிட்டியில்கூட என்னைப் பற்றிப் பேச்சு. தப்பு செய்தவன் தாராளமாக இருப்பான், மா. அவ்வளவுதான் என் முற்போக்கு.

பிறகு அந்தத் திங்கட்கிழமை உன் நீலத்தாள் கடிதம் வந்தது. ரெண்டு பள்ளியிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள், குரல் அழகாக இருக்கிறது, ஆனால் இந்த அறையையே தாண்டவில்லை என்றார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது வருத்தம்தான். அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் என் பொய் எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தது. "மூணு பேர் வரிசையா நாற்காலியில உக்காந்திருந்தாங்கப்பா. கையில டீக் கோப்பை. ஒரு பாட்டுப் பாடுன்னாங்க. எனக்கு நம்ம வீட்ல அன்னைக்கு வந்தவங்க ஞாபகம் வந்துருச்சு. தொண்டை தானா அடங்கிப்போச்சு. வர்ற வியாழக்கிழமை கடைசிப் பள்ளி. அங்கேயும் மூணு நாற்காலிதான் இருக்கும்." அம்மா இதைப் படித்துவிட்டு, பாவம் பிள்ளை, அந்தப் பாவிகள் சொன்னது இன்னும் மனசில் நிற்கிறது என்று புக்கிட் ரம்பாய்க்காரர்களைத் திட்டினாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். ஆகாயத் தபால் போட்டால் வியாழனுக்குள் வந்து சேராது. தந்தி ஒன்றுதான் வழி. அன்று முழுக்க அதற்குப் பயந்தேன். மறுநாள் காலையில்தான் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன்.

தந்தி ஜன்னலில் இருந்தவர் மாணிக்கம், நம் சடக்குக்காரர்தான். ஒரு முழுத்தாள் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். பார்த்துவிட்டு, "அண்ணே, தந்தி அடிக்க வந்தீங்களா, கத சொல்ல வந்தீங்களா? சுருக்குங்க" என்றார். ஓரமாக நின்று சுருக்கினேன். ஒவ்வொன்றாக அடித்தேன். பார்த்தால், அடித்தவை எல்லாம் சாக்கு. அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை, ஊரே சர்டிபிகேட் பைத்தியம் பிடித்து அலைந்தது, நீ சின்னப் பெண், எல்லாம் போனது. மிஞ்சியதைக் கொடுத்தேன். விதிப்படி அவர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தார். "உன் குரல் காரணம் இல்லை. நான் சொன்னது பொய். குறை என்னுடையது. முழுசாகப் பாடு. அப்பா." இங்கிலீஷில்தான் படித்தார், ஆனால் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியும். பேச்சுச் சத்தம் நின்றது. மாணிக்கம் குரலைத் தணித்துக்கொண்டு, "பொய்ங்கிறத எடுத்துரலாமா அண்ணே? அது இல்லாமலே அர்த்தம் வருது" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் கேட்டார். "அது வரல, மாணிக்கம். வேணும்னா மத்தது எல்லாத்தையும் எடுத்துக்க" என்றேன். ஒன்றையும் எடுக்காமல் அடித்தார். வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வீடுவரைக்கும் என்னோடு நானே எந்த வாதமும் செய்யாமல் வந்தேன்.

வியாழக்கிழமை ஸ்டோரில் மண்வெட்டி கேட்டவனுக்குத் துடைப்பத்தைக் கொடுத்தேன். லண்டனில் இப்போது மணி என்ன என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டேன். ஒருவன் முன்னால் என்றான், ஒருவன் பின்னால் என்றான். அடுத்த வெள்ளிவரை சைக்கிள் மணி கேட்ட போதெல்லாம் வாசலை எட்டிப் பார்த்தேன். நேற்று மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். பியானோவை மூடிவிட்டு, வெள்ளைக்கார வழக்கப்படி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போலீசைக் கண்டவன் மாதிரி மேலே தூக்கியபடி நின்றேன். அவரிடமும் மூடி போட்டது யார் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்றார். கோப்பி கொடுத்தார்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் அப்பாக்களுக்கு அந்தப் பழக்கம் போகாது. அங்கே புதுப் பாஷைகள் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடு. ஒரு நாள் வெட்கம், அதோடு முடிந்தது. தெரியும் என்று தலையாட்டினால் பிறகு ஆயுசு முழுக்க ஆட்ட வேண்டும், கழுத்து வலிக்கும், நான் பட்டவன். யாராவது உன்னை வேண்டாம் என்றால், எதற்கு என்று அவர்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள். நடுவில் இருக்கிறவன் சொல்வதை நம்பாதே, அவன் உன் அப்பாவாகவே இருந்தாலும். அந்த நாற்காலிகளில் உட்காருகிறவர்களைப் பார்த்து இனிப் பயப்படாதே. அவர்களுக்கும் முதுகு வலிக்கும், அவர்களும் ஏதாவது ஒரு வருஷம் எதிலாவது தவறியவர்களாக இருப்பார்கள். ஈரத் தலையோடு படுக்காதே. இது நான் சொல்வதில்லை, அம்மா.

அம்மாவைப் பற்றித்தான் இனி எழுத வேண்டும். மேலே உள்ளதை எல்லாம் காலையில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அவள் படிக்கட்டும் என்றுதான் வைத்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. திரும்பி வந்தபோது ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பகல் சாப்பாட்டைப் போட்டாள், பேசவில்லை. பாத்திரம் கழுவினாள், பேசவில்லை. மூன்று மணிக்குத்தான் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா நானும் அவள மெள்ளப் பாடு, மெள்ளப் பாடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. நீங்க சொன்னத நம்பித்தானே சொன்னேன்?"

ஆமாம் என்றேன்.

"என்னையும் சேத்துல்ல அந்தப் பிள்ள வாயப் பொத்த வச்சீங்க."

இந்தத் தடவை என் தலை ஆடவில்லை. அவள் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். "இதுல சிரிப்பு நெறைய இருக்குங்க. அவ படிச்சா சிரிச்சிருவா. சிரிச்சிட்டா மன்னிச்ச மாதிரி ஆயிரும். அதுக்குத்தான் இப்படி எழுதியிருக்கீங்க. கடைசியில ஒரு எடத்துலயாச்சும் சிரிப்பு இல்லாம எழுதுங்க. அப்புறம் ஒட்டுங்க." சொல்லிவிட்டு எழுந்து போகாமல், நான் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதுகிறேன்.

அன்று அவர்கள் வேண்டாம் என்றது என்னை. உன்னை இல்லை, உன் குரலையும் இல்லை. அது எனக்குத் தரகர் வந்த மாலையே தெரியும். தெரிந்தே உன்னிடம் மாற்றிச் சொன்னேன். மூன்று வருஷம் நீ அதை நம்பினாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது, சரோஜா.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, மேலேயும் எழுதவில்லை. தரகர் கிளம்பும்போது, மாப்பிள்ளையின் அம்மா உனக்கென்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். "எங்க வீட்டுக்கு வரக் கொடுத்துவைக்கல. எங்க போனாலும் அந்தப் பொண்ண அப்படியே பாடச் சொல்லுங்க." இது உனக்கு வந்த சேதி. மூன்று வருஷம் நான் வைத்துக்கொண்டேன். இப்போது அனுப்புகிறேன்.

அப்பா